பெரிய பஸ் ஃபைபர், சின்ன பஸ் பித்தளை

கரூரில் பஸ் பாடி கட்டும் கொட்டகைக்கு அடுத்த தெருவில் வளர்ந்த பையனுக்கு உலோகத்தின் மேல் மரியாதை வராது. அது சத்தம் போடுகிற சாமான், அவ்வளவுதான். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை அலுமினியத் தகட்டில் சுத்தி விழுந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ரேடியோவில் செய்தி கேட்க வேண்டுமென்றால் கொட்டகையில் டீ நேரம் வரவேண்டும்.

எண்ணூரிலிருந்து லேலண்ட் சேசிஸ் வரும். எஞ்சின், சட்டம், சக்கரங்கள், ஒரு ஸ்டியரிங், உட்கார ஏதோ ஒன்று. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலோடும் தூசியோடும் அத்தனை தூரம் அதை ஓட்டி வந்தவர் இறங்கியதும் முதலில் கேட்பது தண்ணீர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்து, ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி தந்தது அவ்வளவுதான். மூக்கும் முழியும் கரூர்க்காரர்கள் பொறுப்பு. ஒரே சேசிஸ், ஆனால் கொட்டகைக்குக் கொட்டகை முகம் மாறும். முன்பக்கக் கிரில்லின் பட்டைகளைப் பார்த்தே இது இன்ன மேஸ்திரியின் கைவேலை என்று சொல்லிவிடுகிற பையன்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். கணக்குப் பாடத்தில் அவர்கள் யாரும் இந்த அளவுக்குக் கெட்டிக்காரர்கள் இல்லை.

1980-களின் தொடக்கம் அது. வசதியான வீட்டுப் பையன்களிடம் கல்கத்தாவில் வார்த்த நிக்கி கார்கள் இருந்தன. இங்கிலாந்து டிங்கி கம்பெனி வேண்டாம் என்று கழித்த அச்சுகளில் செய்தவை அவை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் கரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எந்த வண்டியும் அந்தப் பெட்டியில் இல்லை. வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

எத்தனை மடங்கு சுருக்குவது என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடத்து மர ஸ்கேல் பதில் சொன்னது. ஓர் அடிக்கு அரை அங்குலம். மேஸ்திரிகள் அடி, அங்குலத்தில்தான் பேசுவார்கள். அவர்கள் சொல்லும் அடியைப் பாதியாக்கி அங்குலம் என்று எழுதிக்கொண்டால் கணக்கு முடிந்தது. 11 மீட்டர் பஸ் இப்படிச் சுருங்கினால் 46 செ.மீ. வரும், சன்னல் திண்டில் நிறுத்தலாம். அரை அங்குலக் கணக்குக்கு 1:24 என்று உலகமெங்கும் பெயர் உண்டு, கார் மாதிரி செய்கிறவர்கள் மத்தியில் அதற்குப் பழைய மரியாதை உண்டு என்பதெல்லாம் தலை நரைத்த பிறகு தெரிந்துகொண்டது.

அட்டையில் பஸ் செய்கிற பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அட்டைக்கு மேல் நிஜத் தகடு வைக்கிறவனுக்குத்தான் பேர். ஆனால் கொட்டகையில் விழும் அலுமினியத் துண்டு ஒவ்வொன்றும் எடைக்குப் போகிற காசு. மேஸ்திரியின் கண் அதன் மேலேயே இருக்கும். அதனால் வீட்டுப் பக்கம் திரும்பினோம். வீட்டில் அப்போது எதைத் தொட்டாலும் உலோகம்.

பற்பசை அலுமினியக் குழாயில் வந்தது. அப்பா அதைக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கிச் சுருட்டிப் போட்ட பிறகு, வாலை நறுக்கி விரித்துக் கழுவினால், சொன்னபடி மடங்குகிற மெல்லிய தகடு. பஸ்ஸின் பக்கவாட்டுப் போர்வை அதில்தான். வனஸ்பதி டின்னின் தகரத்தில் ஏற்கெனவே வெள்ளீயப் பூச்சு இருப்பதால் சால்டரிங் இரும்பைக் காட்டியவுடன் ஈயம் ஓடி உட்காரும், பம்பர் அதில். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் கண்ணைக் குத்தும் பின்னில் உள்ள கம்பி வைப்பருக்கென்றே இழுத்தது போலிருக்கும். சைக்கிள் ஆரக்கால் ஸ்டியரிங் தண்டு. ரீஃபில் முனையில் குண்டைத் தட்டி எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் பித்தளைக் கூம்பு ஏர் ஹாரன். தையற்கடையில் கூட்டித் தள்ளும் குழிந்த சமிக்கியில் இரண்டு பொறுக்கினால் ஹெட்லைட்டின் உட்புறம் தயார். சக்கரத்தின் நடுத்தட்டுக்கு ஆஸ்பத்திரி கம்பவுண்டரைப் பிடிக்க வேண்டும். ஊசி மருந்துப் புட்டியின் வாயை இறுக்கியிருக்கும் அலுமினிய மூடி சரியாக 20 மி.மீ. லேலண்ட் சக்கரத்தின் 20 அங்குல ரிம்மை இருபத்துநாலால் வகுத்தால் 21 மி.மீ. வருகிறது. மருந்துக் கம்பெனியும் டயர் கம்பெனியும் பேசி வைத்துக்கொண்டு செய்ததாக இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம்.

இதிலெல்லாம் பெரிய காரியம் பின்பக்க ஏணி. மூட்டை முடிச்சும் சைக்கிளும் கோழிக்கூடையும் டாப்புக்கு ஏறின காலம். ஏணி இல்லாத பஸ்ஸைப் பஸ் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நிஜ ஏணியின் குழாய் ஓர் அங்குலக் கனம். சுருக்கினால் ஒரு மி.மீ.யை ஒட்டி வரும். அந்தக் கனத்துக் கம்பி மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கிடைத்தது. அங்கே செப்புக் கம்பியை மி.மீ.யில் கேட்டால் சிரிப்பார்கள். நம்பர் சொல்ல வேண்டும். 19-ம் நம்பர் கம்பி 1.016 மி.மீ. என்று இப்போது அட்டவணையில் பார்க்கிறேன். அப்போது பார்த்தது, கடைக்காரர் கழித்துப் போட்ட சுருளைக் காசு வாங்காமல் தருவாரா என்பதை மட்டும்.

சுருளை நேராக்குவதற்கு ஒரு வித்தை உண்டு. ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து, ஒரே இழுப்பு. கம்பி லேசாக நீண்டுகொடுக்கிற கணத்தில் கோணல் அத்தனையும் போய்விடும், விறைப்பும் ஏறிவிடும். அதன் மேல் உள்ள எனாமல் பூச்சைப் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாத இடத்தில் ஈயம் தலைகீழாக நின்றாலும் ஒட்டாது.

ஒட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் நாலு வீடு தள்ளியிருந்த பத்தர். குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், வெண்காரம், சாமணம், அவர் உடம்பை விட்டுப் போகாத ஒரு புகை வாசனை. தாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

“இதென்ன கண்ணு, செம்புல ஏணி? எந்தச் சாமிக்குங்?”

“சாமிக்கில்லீங் தாத்தா. பஸ்ஸுக்கு.”

“பஸ் எங்க?”

“இன்னும் செய்யலீங்.”

அவர் சிரிக்கவில்லை. பலகை ஒன்றை எடுத்து, ஏணியின் இரண்டு கால்களும் அசையாமல் படுக்கும்படி சின்ன ஆணிகளை இரு பக்கமும் அடித்தார். படிகளுக்கு அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டார். “ஒரு ஒட்டுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போனா, மொதல்ல போட்டது இளகி உளுந்துரும். அதனால அதும்மேல ஈரக் களிமண்ணை அப்பிக்கோ. சூடு மண்ணுக்குப் போகும், ஒட்டுக்குப் போகாது.” தங்க வேலைக்கு அவர் செய்துவந்ததுதான் அது. இன்னொன்றும் சொன்னார்: இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் முறுக்கிக்கொள்ளும், செம்பையும் பித்தளையையும் அப்படிப் போட்டால் இளகிக்கொடுக்கும். தட்டத் தட்ட விறைத்துப்போகும் தகட்டை மறுபடி காய்ச்சினால் மறுபடி சொன்ன பேச்சுக் கேட்கும். உலோகவியல் புத்தகத்தில் இதற்குப் பல பக்கங்கள் ஆகின்றன.

ரிவிட்டுக்கு வந்தால், நிஜ ரிவிட்டின் தலை 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட மாதிரியில் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. அதைத் தனித்தனியாக வைப்பது மனிதக் காரியமல்ல. ஓய்ந்துபோன டைம்பீஸ் ஒன்றைப் பிரித்து, பல் பெரிதாக உள்ள சக்கரத்தை ஒரு குச்சியில் செருகி, பற்பசைத் தகட்டின் பின்புறம் ஸ்கேலை வைத்து உருட்டினால் முன்புறம் வரிசையாகப் புள்ளிகள் எழும்பும். ஊரில் யாரிடமிருந்தோ யாருக்கோ வந்து சேர்ந்த யுக்தி அது. பளபளப்பான பட்டைகளுக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மைதாப் பசையில் ஒட்டி, பல்குத்தும் குச்சியால் தேய்த்துத் தேய்த்து மூலைகளுக்குள் அடக்க வேண்டும்.

பஸ் முடிந்ததும் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். மேஸ்திரி பீடியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் ஓர் ஓட்டம் விட்டார். “இத்தனை ரிவிட்டா அடிச்சிருக்கே? நாங்க இதுல பாதிதான் அடிக்கறோம். மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதே தம்பி.” இதைவிடப் பெரிய விருது எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு வேலை, கல்யாணம், மாற்றல், வீட்டுக் கடன். இடைப்பட்ட காலத்தில் பஸ்ஸில் ஏறினேனே தவிரச் செய்யவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுச் சென்னையில் அடுக்ககத்தின் பால்கனியில் மேஜை போட்டிருக்கிறேன். அன்றைக்கு ‘வெட்டி வேலை’ என்று வீட்டில் திட்டு வாங்கித் தந்த காரியம், இன்றைக்கு மன அழுத்தத்துக்கு மருந்து என்று டாக்டர்களே பரிந்துரைக்கிற ‘ஸ்கேல் மாடலிங்’. மருந்து என்றால் விலையும் மருந்து விலைதான். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி, பித்தளையை மடிக்க இரும்புத் தட்டு வைத்த தனிக் கருவி, நகப்பூச்சுப் பாட்டில் அளவில் இருந்துகொண்டு விலையில் அத்தர் பாட்டிலை மிஞ்சும் குரோம் பெயின்ட். ரிவிட் புள்ளி உருட்டக் கைப்பிடி போட்ட ஒரு பற்சக்கரம் வெளிநாட்டிலிருந்து பஞ்சு சுற்றிய பெட்டியில் வந்தது. திறந்து பார்த்தேன். டைம்பீஸ் சக்கரம்தான். என் முதல் மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலான விலை போட்டிருந்தார்கள்.

குறை மட்டும் சொன்னால் வாய் வலிக்காது. நியாயத்தையும் சொல்ல வேண்டும். இன்று வந்திருக்கும் ஃபோட்டோ எட்ச் பித்தளைத் தகடு என்பது நாங்கள் கனவில்கூடக் காணாத சாமான். 0.2 மி.மீ. கனமோ அதற்கும் குறைவோ உள்ள பித்தளையில் ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவி, மேலே படத்தின் ஃபிலிமை வைத்து, புற ஊதா வெளிச்சம் காட்டுகிறார்கள். இறுகாத இடங்களைக் கழுவிவிட்டு ஃபெரிக் குளோரைடில் போட்டால் வேண்டாத பித்தளையை அது தின்றுவிடும். பஸ் மூக்கின் மேல் உள்ள ‘லேலண்ட்’ எழுத்துகள் ஒவ்வொன்றும் 3 மி.மீ. உயரத்தில் விளிம்பு கெடாமல் நிற்கின்றன. பத்தர் தாத்தாவே வந்தாலும் இழைவாளால் இதை அறுத்திருக்க முடியாது. கிரில்லின் வலையும் அப்படித்தான்.

இதை வீட்டிலும் செய்யலாம், செய்கிறேன். கணினியில் வரைந்து, வழவழப்புத் தாளில் லேசர் பிரின்டரில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அச்சுப் பொடி பித்தளைக்கு மாறிவிடும். ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் பையன்கள் சர்க்யூட் பலகை அரிக்க வாங்கும் அதே ஃபெரிக் குளோரைடு. மிதமான சூடும் இடைவிடாத அசைப்பும் இருந்தால் வேலை சீக்கிரம் ஆகும். தகட்டின் கனத்தைவிடக் குறுகலான சந்து வேண்டுமென்று ஆசைப்படக் கூடாது. திரவம் கீழ்நோக்கித் தின்னும்போதே பக்கவாட்டிலும் தின்னும். மடிக்க வேண்டிய இடத்தில் பாதிக் கனம் மட்டும் அரிக்கும்படி கோடு விட்டால் அங்கே கச்சிதமாக மடியும். அந்தத் திரவம் தெறித்த இடத்தில் வரும் மஞ்சள் கறை எதற்கும் போகாது. “ஆபீஸ் போன காலத்துலகூட நீங்க இத்தனை சட்டை வாங்கினதில்லைங்க” என்பது என் மனைவியின் தணிக்கை அறிக்கை.

ஆனால் எட்ச் தகடு பிறவியிலேயே தட்டை. கண்ணாடியைத் தாங்கும் கை, ஏணி, டாப்புக் கம்பி எல்லாம் நிஜத்தில் உருண்டைக் குழாய்கள். அவற்றைத் தகட்டில் அரித்துக் கொடுத்தால் முன்னாலிருந்து பார்க்கும்போது ராஜா. பக்கத்திலிருந்து பார்த்தால் ஆளே இல்லை. விலை கொடுத்து வாங்கிய தொகுதியில் இருந்த ஏணியை ஓரமாகப் போட்டுவிட்டு, மறுபடி 19-ம் நம்பர் கம்பிக்கே போனேன். ஆணி அடித்த பலகைதான், ஈரக் களிமண்தான். உடனடிப் பசை வைத்து ஒட்டினால் ஒரு தட்டலுக்கு விட்டுவிடும், ஈயம் விடாது.

இதிலே இன்னொரு கூத்து. இத்தனை பாடுபட்டுப் பித்தளையில் செய்து, அது உலோகம் என்று தெரியாதபடி முழுக்கப் பிரைமர் அடித்து, அதன் மேல் உலோக நிறப் பெயின்ட் அடிக்கிறோம். பித்தளையில் பெயின்ட் நேரடியாக ஒட்டாது. பிரைமர் இல்லாமல் தீராது. படிக்கட்டில் கால் பட்டுத் தேய்ந்தது போலப் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்ன வேண்டும். பித்தளையோ மஞ்சளாகப் பல்லிளிக்கும். அதனால் பெயின்டுக்கு முன்னால் மேலே மெல்ல ஈயம் பூசிவிடுகிறேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரப் புகையோடு தெருவில் உட்கார்ந்து செய்த வேலை, இன்று சென்னைப் பால்கனியில் ஆராய்ச்சி.

நிஜ வண்டியில் 1 மி.மீ. தகடு என்றால் 1:24 மாதிரியில் அது 0.04 மி.மீ. இருக்க வேண்டும். அத்தனை மெல்லிசில் பாடி கட்டினால் தும்மினால் போய்விடும். ஆகவே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உள்பக்கமாக அரத்தால் சரித்து, முழுத் தகடும் மெல்லிசு என்று நம்பவைப்பது. குரோம் பெயின்டும் அப்படிப்பட்ட நம்பிக்கைதான். அதில் மிதக்கும் பொடியை நம் வசதிக்கு இருபத்துநாலு மடங்கு சுருக்க முடியாதென்பதால் கிட்டத்தில் பார்த்தால் மணல் தெரியும். அதற்குப் பரிகாரமாகப் பின்னால் பசை தடவிய மெல்லிய உலோகத்தாளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். எப்படி ஒட்டுவது என்று செய்முறைக் குறிப்பில் போட்டிருக்கிறது: பல்குத்தும் குச்சியால் தேய்க்கவும்.

அச்சு அசல் என்பதற்காக உலகம் படும் பாடு சாதாரணமானதல்ல. ஜெரால்ட் விங்க்ரோவ் என்ற இங்கிலாந்துக்காரர் கார் மாதிரி செய்வதையே பிழைப்பாகக் கொண்டு, புகாட்டி, டியூசன்பெர்க் வண்டிகளை உலோகத்தில் உறுப்பு உறுப்பாகக் கடைந்து செய்தார். எப்படிச் செய்வது என்று மறைக்காமல் புத்தகமும் எழுதினார். இத்தாலியில் தூரின் நகரத்துப் போஷர் கம்பெனி 1:8 அளவில் பெட்டியில் போட்டுக் கொடுத்த ஆல்ஃபா ரோமியோவுக்குச் சக்கரத்தின் ஆரக்கால்களை வாங்கியவரே ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். காசும் கொடுத்து வேலையும் செய்கிற அந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ. ராணுவ வண்டி மாதிரிக்காரர்கள் வேத வாக்காகக் கொண்டாடும் 1:35 அளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானின் தமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைப் பெட்டியில் போட்டது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும். அடங்கியபோது அளவு 1:35 ஆக இருந்தது. ஒரு ரிவிட்டின் இடத்துக்காக இரவெல்லாம் சண்டை போடும் கூட்டத்தின் அளவுகோல் பேட்டரி போட்ட பிச்சை.

எங்கள் காலத்தில் ‘நிஜம் மாதிரி’ என்றால் புதுசு மாதிரி. பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கண்ணைக் கூசவைப்போம். கொட்டகையிலிருந்து துருப்பிடித்த பஸ் வெளியே போனால் மேஸ்திரிக்கு மானம் போய்விடும். இன்று துருவைப் பொடியாகப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பழைய துரு, புதிய துரு என்று நிறபேதம் வேறு. நானும் வாங்கி வைத்திருக்கிறேன். நிஜ பஸ்ஸின் கூரை ஒழுகினால் பத்திரிகையில் செய்தி. மாதிரி பஸ்ஸின் கூரையில் ஒழுகின கறை தத்ரூபமாக இருந்தால் கண்காட்சியில் பரிசு.

மேல் மாடியில் ஒரு தம்பி இருக்கிறார், கணினி வேலை. அறைக்குள் பிசின் பிரின்டர் வைத்திருக்கிறார். 0.05 மி.மீ. அடுக்காக அடுக்கி எதை வேண்டுமானாலும் வளர்த்துக் கொடுக்கும் பெட்டி. ஒரு நாள் என் பலகையையும் களிமண்ணையும் பார்த்துவிட்டு மிகுந்த இரக்கத்தோடு சொன்னார்.

“அங்கிள், எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஏணிக்கு ஃபைல் இருக்கு. ராத்திரி போட்டா காலையில எடுத்துக்கலாம்.”

“போடுங்க தம்பி, பார்க்கலாம்.”

காலையில் ஏணி வந்தது. குறை சொல்ல முடியாத அழகு. படிகளில் வழுக்காமலிருக்கப் போட்ட வரிகள்கூட இருந்தன. நான் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “ஆமா அங்கிள், இது எமர்ஜென்ஸி எக்ஸிட்டுக்கா?” டாப்பில் சாமான் ஏற்றுவார்கள் என்றேன். பஸ் மேலேயா என்றார். ஆட்களும் ஏறுவார்கள் என்று சொல்லவில்லை; நம்பியிருக்க மாட்டார். ஏணி அடுத்த வாரம் தூசி தட்டும்போது முறிந்தது. ஒரு மி.மீ. கனத்தில் பிசின் அப்படித்தான், முறுக்கினால் ஒடியும், கம்பி வளைந்துகொடுத்திருக்கும். தம்பி வருத்தப்படவில்லை. “இன்னொண்ணு போட்டுடலாம் அங்கிள்” என்றார். அவருக்கு ஏணி என்பது பொருள் அல்ல, ஃபைல்.

அண்மையில் கரூர் போனபோது கொட்டகை இருந்த பக்கம் எட்டிப் பார்த்தேன். அது இப்போது கொட்டகை இல்லை, தொழிற்சாலை. வரைபடம், ஒப்புதல், ஏ.ஐ.எஸ். 052 விதிமுறை, அவசர வழி, எல்லாம் முறையாக நடக்கிறது. சத்தம் பாதிகூட இல்லை. பஸ்ஸின் முகம் அச்சில் வார்த்த ஃபைபராக ஒரே துண்டாக வந்து பொருந்துகிறது, பின்பக்கமும் அப்படியே. ஹெட்லைட் பிளாஸ்டிக். முகப்பில் பளபளக்கும் குரோம் பட்டையை நகத்தால் தட்டினேன், பிளாஸ்டிக். ரிவிட் வரிசையைத் தேடினேன், பசையால் ஒட்டியிருந்தார்கள். ஏணி இல்லை, டாப்பும் இல்லை. சாமான் அடியில் டிக்கிக்குப் போய்விட்டது. வேலை செய்துகொண்டிருந்த இளைஞரிடம் பாடியில் கைத் தட்டு வேலை எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் டிங்கரிங்குக்கு வர்ற வண்டிலதானுங்க” என்றார்.

புதிய பஸ் நல்ல பஸ். குலுங்கல் குறைவு, தகடு கிழித்துக் கை அறுபடாது, மழை நீர் தோளில் சொட்டாது. அதில் உட்கார்ந்து போவது எனக்கும் பிடித்திருக்கிறது. மாதிரி செய்ய மட்டும் கை வரவில்லை. அதைச் செய்வதென்றால் மேல் மாடித் தம்பியின் பிசின்தான் நாணயமான சரக்கு. பிளாஸ்டிக் வண்டிக்குப் பிளாஸ்டிக் மாதிரி, பொய்யே கிடையாது. ஃபைபர் முகத்தைப் பித்தளையில் தட்டுகிறவன் அச்சு அசலுக்குத் துரோகம் செய்கிறான். என் ஈயமும் களிமண்ணும் 1980-களின் வண்டிகளோடு சரி. அன்றைக்கு நிஜ பஸ் தகடு, எங்கள் பொம்மை அட்டை. இன்றைக்கு நிஜ பஸ் ஃபைபர், பொம்மைதான் பித்தளை.

உலோகம் பஸ்ஸிலிருந்து மட்டுமா போனது, வீட்டிலிருந்தும் போய்விட்டது. பற்பசைக் குழாய் பிளாஸ்டிக் ஆகி, வெட்டினால் உருப்படியாக எதற்கும் உதவாத ஒரு தோல். வனஸ்பதி டின் போய் டப்பாவும் பாக்கெட்டும் வந்துவிட்டன. கேஸ் வந்த வீட்டில் ஸ்டவ் பின்னுக்கு என்ன வேலை? கடிகாரத்துக்குள் ஒரு செல்லும் வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரங்களும். அன்றைக்குக் குப்பையில் இலவசமாகக் கிடைத்த தகட்டையும் கம்பியையும் இன்று மி.மீ. சொல்லி, கூரியர் செலவு கொடுத்து வரவழைக்கிறேன். நல்லவேளை, ரீஃபில் முனையும் சமிக்கியும் மோட்டார் காயில் கடையும் இன்னும் இருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில் சாவி கொடுக்கும் பழைய டைம்பீஸ் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அட்டையில் பஸ் செய்கிற பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுங்கள். பல் பெரிதாக உள்ள சக்கரம்தான் ரிவிட்டுக்கு ஆகும். முறுக்கு முழுதும் இறங்கிய பிறகே பின்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும்.